பூமியின் உள்கருவம் எதனால் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அறிவியல் மன்றங்களிலும் நூலகக் கூட்டங்களிலும் பூமியின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசினால், பேச்சு முடிந்ததும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பதில்களில் சில நூறு வருடச் சோதனையைத் தாண்டி நிற்பவை. சிலவற்றில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. உள்கருவம் என்றால் பூமியில் எந்தப் பகுதி? எவ்வளவு பெரியது?

மேலே இருந்து வருவோம். முதலில் பாறையாலான மேலோடு. அதற்குக் கீழே 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம்; அதுவும் பாறைதான். அங்கே பாறை முடிந்து உலோகம் தொடங்குகிறது. 2,890 முதல் 5,150 கிலோமீட்டர் வரை இருப்பது உருகிய நிலையில் உள்ள வெளிக்கருவம். அதற்கும் கீழே, பூமியின் மையம் வரை இருக்கும் திட உருண்டையைத்தான் உள்கருவம் என்கிறோம்.

அதன் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர். நிலாவைவிடச் சிறியது, புளூட்டோவைவிடக் கொஞ்சம் பெரியது. படங்களில் பெரிதாக வரைந்து காட்டினாலும், பூமியின் மொத்தக் கன அளவில் அது 1 சதவீதம்கூட வராது. எடையில் 1.7 சதவீதம்.

2. அங்கே யாருமே போனதில்லை. தோண்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?

தோண்டிப் பார்க்க முடியாது என்பது உண்மை. மனிதர்கள் செங்குத்தாக மிக ஆழமாகத் துளைத்த இடம் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் ஆரம்பித்து 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அங்கே 180 டிகிரி செல்சியஸ் வெப்பம். அதற்கு மேல் துளைப்பது நடைமுறையில் முடியவில்லை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அப்படியென்றால் இவ்வளவு பாடுபட்டும் ஆயிரத்தில் இரண்டு பங்கு தூரம்தான் போயிருக்கிறோம்.

அதனால் நமக்கு மாதிரித்துண்டு கிடையாது; தடயங்கள்தான் உண்டு. பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தால் அதன் அலைகள் பூமியை ஊடுருவி மறுபக்கம் வெளிவருகின்றன. எத்தனை நிமிடத்தில் வந்தன, எங்கே வளைந்தன, எங்கே வராமலே போயின என்பதிலிருந்து உள்ளே உள்ள பொருளின் அடர்த்தியையும் விறைப்பையும் கணக்கிடலாம். அப்புறம், பூமியின் மொத்த எடை தெரியும்; அது சுழலும் விதத்திலிருந்து எடை எந்த அளவுக்கு நடுவில் குவிந்திருக்கிறது என்பதும் தெரியும். விண்கற்கள் கையில் இருக்கின்றன. ஆய்வகத்தில் இரும்பை அதே அழுத்தத்துக்கு உள்ளாக்கிப் பார்க்கலாம். இவை எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் பொருள் எது என்பதுதான் கேள்வி.

3. உள்ளே தனியாக ஒரு உருண்டை இருப்பதை யார் கண்டுபிடித்தது?

கதை இந்தியாவிலிருந்தே தொடங்குகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். தொலைவில் பதிவான கோடுகளில் மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டினார்: முதலில் வரும் பி அலை, அடுத்து வரும் எஸ் அலை, கடைசியில் மேற்பரப்பு அலை. 1906இல், பூமியின் நடுவில் அலைகளைத் தாமதப்படுத்தும் கருவம் ஒன்று இருக்கிறது என்றார். சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பர்க் அதன் ஆழத்தைச் சுமார் 2,900 கிலோமீட்டர் என்று கணித்தார். அது திரவம் என்று 1926இல் ஹரால்டு ஜெஃப்ரிஸ் காட்டினார்.

உள்கருவத்தைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன். 1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் பெரிய நிலநடுக்கம். திரவக் கருவம் அலைகளை வளைத்துவிடுவதால் பூமியின் மறுபக்கத்தில் ஒரு வளையப் பகுதிக்குப் பி அலைகள் வரக்கூடாது. அதை நிழல் வலயம் என்பார்கள். ஆனால் அந்த வலயத்துக்குள் இருந்த கருவிகள் சிலவற்றில் மங்கலாக அலைகள் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் வேறு காரணம் சொல்லி விட்டுவிட்டதை லேமன் விடவில்லை. கருவத்துக்குள் இன்னொரு உருண்டை இருந்து, அதில் பட்டு அலைகள் திரும்பினால் இது சரியாக வரும் என்று 1936இல் எழுதினார். கணினி இல்லாத காலம், கணக்கெல்லாம் கையால்தான். அந்தக் கட்டுரையின் தலைப்பு ‘பி’ என்ற எழுத்தும் அதன் தலையில் ஒரு சிறு கோடும், அவ்வளவே. தலைப்புக்கு வார்த்தை செலவழிக்காதவர், 104 வயது வரை வாழ்ந்தார்.

4. உருண்டை இருக்கிறது, சரி. அது திடம்தான் என்று எப்படித் தெரியும்?

எஸ் அலை பொருளைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போகும். திரவம் அப்படி உலுக்க இடம் கொடுக்காது, திடப்பொருள் கொடுக்கும். ஆகவே உள்கருவத்துக்குள் எஸ் அலை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். சொல்வது சுலபம். அந்த அலை வெளிக்கருவத்தில் பி அலையாகப் போய், உள்கருவத்தில் எஸ் ஆக மாறி, வெளியே வரும்போது மறுபடி பி ஆக மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் வலு குறைந்து, கடைசியில் இரைச்சலில் கரைந்துவிடும்.

முதல் உறுதியான சான்று வேறு வழியில் வந்தது. மிகப் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும், அடித்த கோயில் மணி மாதிரி, நாள்கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கும். 1960 சிலி நிலநடுக்கத்தின்போதுதான் இது தெளிவாகப் பதிவானது. மிக மெதுவான அதிர்வு ஒரு முறை வந்துபோக 54 நிமிடம். இத்தகைய அதிர்வுகளை எடுத்துக்கொண்டு 1971இல் ஆடம் ஜேவான்ஸ்கியும் ஃப்ரீமன் கில்பர்ட்டும் கணக்குப் போட்டார்கள். உள்கருவம் திடமாக இருந்தால்தான் எண்கள் பொருந்தின. 2018இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹர்வோயே கால்சிச்சும் தான்-சோன் ஃபாமும், பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு நீடிக்கும் மங்கலான அதிர்வுகளைப் பல நிலையங்களின் பதிவுகளில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அந்த எஸ் அலையின் அடையாளத்தையும் பிடித்தார்கள்.

5. ஏன் இரும்பு? தங்கமாகவோ ஈயமாகவோ இருக்கக்கூடாதா?

முதலில் எடை. பூமியின் சராசரி அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.5 கிராம். இதைக் கிட்டத்தட்ட சரியாக 1798லேயே ஹென்றி கேவண்டிஷ் அளந்துவிட்டார். மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தியோ 2.7 தான். அழுத்தத்தில் நெரிபட்ட கவசப் பாறைகளைச் சேர்த்தாலும் கணக்கு நிரம்பாது. நடுவில் கனமாக ஏதோ இருந்தே ஆக வேண்டும். நிலநடுக்க அலைகளின்படி உள்கருவத்தின் அடர்த்தி சுமார் 13.

இந்த எண்ணைப் பார்த்ததும்தான் ஈயம் நினைவுக்கு வருகிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3 ஆயிற்றே. ஆனால் அது நம் மேசை மேல் இருக்கும் ஈயம். பூமியின் நடுவே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 33 முதல் 36 லட்சம் மடங்கு. அங்கே ஈயம் நெரிந்து 13ஐ எங்கோ தாண்டிப் போய்விடும். மேசை மேல் 7.9 ஆக இருக்கும் இரும்பு, அந்த அழுத்தத்தில் 13ஐ ஒட்டி வந்து நிற்கிறது.

எடை மட்டும் போதாது, அலை வேகமும் பொருந்த வேண்டும். 1952இல் ஃபிரான்சிஸ் பெர்ச் இதைத்தான் செய்தார். உள்கருவத்தில் பி அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அதே அடர்த்தியில் தங்கம் போன்ற கன அணுக்களில் ஒலி மெதுவாகவும், லேசான அணுக்களில் வேகமாகவும் போகும். இந்த இரண்டு எண்களும் சேர்ந்து பொருந்துவது இரும்பும் தனிம அட்டவணையில் அதற்கு அக்கம்பக்கத்தில் இருப்பவையும்தான். அந்த அக்கம்பக்கத்தில் பிரபஞ்சத்தில் ஏராளமாகக் கிடைப்பது எது? இரும்பு. சூரிய ஒளியைப் பகுத்துப் பார்த்தாலும், விண்கல்லை உடைத்துப் பார்த்தாலும் அதுதான். இரும்பு என்ற முடிவு இத்தனை கால்களில் நிற்கிறது. என்னைக் கேட்டால் இதைப் பற்றிச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

6. பள்ளியில் ‘நைஃப்’ (நிக்கல் + ஃபெர்ரம், அதாவது இரும்பு) என்று படித்தோமே. நிக்கல் எங்கிருந்து வந்தது?

விண்கற்களிலிருந்து. இரும்பு விண்கல் எதை எடுத்தாலும் அதில் நிக்கல் இருக்கும். குறைந்தது 5 சதவீதம் அளவுக்கு. இவை பெரும்பாலும் உடைந்துபோன சிறுகோள்களின் கருவங்கள். பூமியின் கருவத்திலும் 5 சதவீதத்தை ஒட்டி நிக்கல் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நிலநடுக்க அலைகளை வைத்து மட்டும் நிக்கலைக் கண்டுபிடிக்க முடியாது. இரும்பும் நிக்கலும் எடையில் அவ்வளவு நெருக்கம். அலைக்கு வித்தியாசம் தெரியாது. பாடப்புத்தகம் உறுதியாகச் சொல்லும் இந்த ‘நி’, விண்கற்களை நம்பிச் சேர்த்ததுதான்.

7. அப்ப இரும்பு, நிக்கல். கேள்வி முடிஞ்சுதா?

இல்லை, இங்கேதான் சுவாரஸ்யமே ஆரம்பிக்கிறது. 5ஆம் கேள்வியில் இரும்பு 13ஐ ‘ஒட்டி’ வருகிறது என்று எழுதினேன். சரியாக 13இல் வருவதில்லை. அதே அழுத்தத்திலும் வெப்பத்திலும் சுத்தமான இரும்பு இருந்தால் எவ்வளவு கனக்குமோ, அதைவிட உள்கருவம் சில சதவீதம் லேசாக இருக்கிறது. 3 முதல் 5 என்பது பலரும் சொல்லும் அளவு. நிக்கலைச் சேர்த்தால் இது தீராது, நிக்கல் கனமானது. திரவ வெளிக்கருவத்தில் இந்தக் குறை இன்னும் அதிகம்.

ஆக, இரும்போடு ஏதோ ஒரு லேசான தனிமம் கலந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவையாகவும் இருக்கலாம். உள்கருவம் எதனால் ஆனது என்று இன்று யாராவது ஆராய்கிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது இந்தச் சில சதவீதத்தைத்தான்.

8. அந்த லேசான தனிமம் எதுவாக இருக்கும்?

பட்டியலில் ஐந்து பேர்: சிலிக்கான், கந்தகம், ஆக்ஸிஜன், கார்பன், ஹைட்ரஜன். மூன்று நிபந்தனைகள் உண்டு. பிரபஞ்சத்தில் நிறையக் கிடைக்க வேண்டும், உருகிய இரும்பில் கரைய வேண்டும், அடர்த்தியைக் குறைக்க வேண்டும். ஐந்துமே மூன்றிலும் தேறிவிடுகின்றன. தலைவலியே அதுதான்.

சிலிக்கானுக்கு ஆதரவு, கவசத்திலிருந்து வருகிறது. பழமையான விண்கற்களோடு ஒப்பிட்டால் பூமியின் கவசத்தில் மக்னீசியத்துக்கு இருக்க வேண்டிய அளவு சிலிக்கான் இல்லை, குறைகிறது. காணாமல் போனது கருவத்துக்குள் போயிருக்கலாம். கந்தகம், இரும்பு விண்கற்களில் இரும்போடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆனால் அது எளிதில் ஆவியாகிவிடும் சரக்கு. பூமி உருவான சூட்டில் நிறையத் தங்கியிருக்காது. ஆக்ஸிஜனின் விஷயம் வேறு. இரும்பு திரவமாக இருக்கும்வரை ஆக்ஸிஜன் அதோடு கலந்திருக்கும். இரும்பு உறையும்போது படிகத்துக்குள் அதற்கு இடம் கிடைக்காது, திரவத்திலேயே தங்கிவிடும். வெளிக்கருவம் உள்கருவத்தைவிட எதிர்பார்ப்பதற்கு மேல் லேசாக இருப்பதை இது நன்றாக விளக்குகிறது. அதனால் வெளியே ஆக்ஸிஜன் இருக்கலாம், உள்ளே அநேகமாக இல்லை.

ஹைட்ரஜன்தான் இருப்பதில் மாயக்காரன். சாதாரண அழுத்தத்தில் இரும்போடு ஒட்டாது. அழுத்தம் ஏறினால் இரும்பைத் தேடிப் போகும். சோதனையில் அழுத்தத்தை விடுவித்ததும் நழுவி வெளியே ஓடிவிடும். எவ்வளவு கரைந்தது என்று அளப்பதற்குள் ஆள் இருக்காது. அழுத்தம் குறைவதற்கு முன்பே எக்ஸ் கதிரால் படிகத்தின் வீக்கத்தைப் பார்த்து அளக்கும் முறைகள் வந்த பிறகுதான் ஹைட்ரஜனின் மதிப்பு ஏறியது. கார்பனைப் பற்றி 12ஆம் கேள்வியில் பார்ப்போம்.

9. 5,000 டிகிரிக்கு மேல் சூடு என்கிறீர்கள். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடுமே?

1,538 என்பது நம் வளிமண்டல அழுத்தத்தில். உருகுவதென்றால் அணுக்கள் வரிசையை விட்டு விலகி நகர வேண்டும். அழுத்தம் கூடக் கூட அதற்கு இடமில்லாமல் போகிறது. உள்கருவத்தின் மேல்விளிம்பில் உள்ள அழுத்தத்தில் இரும்பின் உருகுநிலை சுமார் 6,000 டிகிரி செல்சியஸ் என்று 2013இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள எக்ஸ் கதிர் மையத்தில் நடந்த சோதனை காட்டியது. பிழை வரம்பு 500 டிகிரி. மற்ற தனிமங்கள் கலந்தால் உருகுநிலை இன்னும் இறங்கும்.

வெளிக்கருவம் இதைவிடக் குளிர்ந்ததுதான், ஆனாலும் திரவம். மேலே போகப் போக வெப்பம் குறைவதைவிட வேகமாக உருகுநிலை குறைந்துவிடுகிறது.

10. அந்த அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்க முடியுமா? நம்ப முடியவில்லையே.

முடியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுத் துணுக்கில்தான். இரண்டு வைரங்களின் முனைகளைச் சீவித் தட்டையாக்கி எதிரெதிரே வைத்து, நடுவில் இரும்புத் துணுக்கை வைத்து நெரிக்கிறார்கள். முனை தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பரப்பு இவ்வளவு சிறிதானால் திருகாணியை முறுக்கும் விசையே போதும். வைரம் ஒளியை விடும் என்பதால் லேசரால் சூடாக்கலாம். எக்ஸ் கதிரை உள்ளே செலுத்தி அணுக்களின் அடுக்கையும் பார்க்கலாம். 2010இல் ஜப்பானியக் குழு ஒன்று, பூமியின் மையத்தைவிட அதிகமான அழுத்தத்தில் 5,700 கெல்வின் (சுமார் 5,430 டிகிரி செல்சியஸ்) வரை கொண்டுபோனது. இரும்பு அணுக்கள் அறுகோண நெருக்க அடுக்கில் இருந்தன. அவ்வப்போது வைரம் உடையும். அதுவும் செலவில் சேர்த்திதான்.

இன்னொரு வழி அதிர்ச்சி கொடுப்பது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் பெரிய லேசர்களை இரும்பின் மேல் பாய்ச்சி, வளிமண்டலத்தைப் போல 1 கோடி மடங்கு அழுத்தம் வரை இரும்பின் உருகுநிலையை அளந்து 2022இல் வெளியிட்டார்கள். நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்றாவது வழி, குவாண்டம் விதிகளை வைத்துக் கணினியில் அணுக்களை ஓடவிடுவது. மூன்றுக்கும் குறைகள் உண்டு, ஆனால் வேறு வேறு குறைகள். மூன்றும் ஒரே விடையைச் சொல்லும்போது நம்பிக்கை வருகிறது.

11. உள்ளே இருக்கும் இரும்புதான் பூமியின் காந்தமா?

அல்ல. 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பு நிலைக்காந்தமாக இருக்காது. பூமியின் காந்தப்புலம், வெளிக்கருவத்தில் ஓடும் திரவ இரும்பு உண்டாக்கும் மின்னோட்டத்தால் வருவது.

ஆனால் உள்கருவத்துக்குப் பங்கு உண்டு. 8ஆம் பதிலில் சொன்ன விஷயம்தான்: உறையும் இரும்பு லேசான தனிமங்களை வெளியே தள்ளுகிறது. லேசான அந்தத் திரவம் மேலே எழுகிறது. அது ஓட்டத்தைத் தூண்டுகிறது. உறையும்போது வெளிவரும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. லேசான தனிமம் எது என்ற கேள்வி, திசைகாட்டி ஏன் வடக்கைக் காட்டுகிறது என்பது வரை வந்து நிற்கிறது.

12. கார்பனைப் பற்றி அப்புறம் சொல்வதாகச் சொன்னீர்களே?

உள்கருவம் பூமி பிறந்தபோதே இருந்ததில்லை. பூமி குளிரக் குளிர, திரவக் கருவம் நடுவிலிருந்து உறைய ஆரம்பித்தது. எப்போது என்பதற்கு 50 கோடி முதல் 150 கோடி ஆண்டுகள் வரை மதிப்பீடுகள் உள்ளன. இன்றும் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கை ஒட்டி வளர்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். எந்தத் திரவமும் உருகுநிலைக்கு வந்ததும் உடனே உறைந்துவிடாது. முதல் படிகம் பிறக்க இன்னும் கொஞ்சம் குளிர வேண்டும். சுத்தமான இரும்பு அந்த அழுத்தத்தில் தானாக உறையத் தொடங்க, உருகுநிலைக்குக் கீழே சுமார் 1,000 டிகிரி குளிர வேண்டும் என்று கணக்கு வந்தது. கருவம் அவ்வளவு குளிர்ந்திருந்தால் இன்று இருக்கும் உள்கருவம் இதைவிட மிகப் பெரிதாக இருந்திருக்கும். அதாவது கணக்குப்படி, இருக்கக்கூடாத ஒன்று அங்கே இருக்கிறது!

2025இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கணினியில் பல்லாயிரம் அணுக்களை ஓடவிட்டு, எந்தத் தனிமம் கலந்தால் முதல் படிகம் சுலபமாகப் பிறக்கிறது என்று பார்த்தார்கள். சிலிக்கானும் கந்தகமும் உறைவதைத் தாமதப்படுத்தின. கார்பன் துரிதப்படுத்தியது. எடையில் 3.8 சதவீதம் கார்பன் இருந்தால் 266 டிகிரி கூடுதல் குளிர்ச்சியே போதும் என்பது அவர்கள் முடிவு. இது எனக்குப் பிடித்த வாதம். உள்கருவம் இருக்கிறது என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆனாலும் கணினிக் கணக்குதான். வழக்கு முடியவில்லை.

13. உள்கருவம் முழுக்க ஒரே மாதிரியா, அதற்குள்ளும் அடுக்குகள் உண்டா?

ஒரே மாதிரி இல்லை. வடக்கு தெற்காகப் போகும் அலைகள், நிலநடுக்கோட்டுத் தளத்தில் போகும் அலைகளைவிடச் சுமார் 3 சதவீதம் வேகமாகப் போகின்றன. இது 1980களில் தெரிந்தது. இரும்புப் படிகங்கள் ஓரளவு ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

மையத்துக்கு அருகே இந்தப் போக்கு மாறுகிறது; அங்கே இன்னொரு உருண்டை இருக்கிறது என்று 2002இல் மியாகி இஷியும் ஜேவான்ஸ்கியும் சொன்னார்கள். 2023இல் ஃபாமும் கால்சிச்சும், பூமியின் விட்டத்தின் வழியே ஐந்து முறை வரை போய்ப் போய்த் திரும்பிய அலைகளைக் காட்டி, அந்த உள் உருண்டையின் ஆரம் சுமார் 650 கிலோமீட்டர் என்றார்கள். கலந்திருக்கும் பொருள் அங்கே வேறா, படிக அடுக்கு மட்டும் வேறா என்பதற்கு அலைகள் இன்னும் பதில் சொல்லவில்லை.

14. நம்ம ஊரிலிருந்து இதை ஆராய முடியாதா?

தாராளமாக முடியும். ஓல்டாமின் கதையை 3ஆம் கேள்வியில் சொன்னேன். இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருக்கும் நிலையம், உலகளாவிய நிலநடுக்கப் பதிவு வலையில் ஒன்று; அதன் பதிவுகளை யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். உள்கருவத்தின் நடுவைத் தொடும் அலை வேண்டுமானால், நிலநடுக்கம் கிட்டத்தட்ட நேர் மறுபக்கத்தில் நடக்க வேண்டும். திருச்சிக்கு நேர் மறுபக்கம் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் விழுகிறது. அங்கிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே கடலடி மலைத்தொடர் ஒன்று ஓடுகிறது. அதில் நிலம் அதிர்வது சகஜம். அங்கே கிளம்பும் அலை நமக்கு வந்து சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும், வழியில் உள்கருவத்தின் ஆழத்தைக் கடந்து வரும். உலகின் பல ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது. பெரும்பாலான நிலப்பகுதிகளின் மறுபக்கம் வெறும் கடல். 13ஆம் பதிலில் சொன்ன ஐந்து முறைத் திரும்பல் அலைகளைத் தேடிப் போனதற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

15. உள்கருவம் திடமும் இல்லை, திரவமும் இல்லை என்று படித்தேன். எது சரி?

4ஆம் பதில் மாறவில்லை. எஸ் அலை போகிறது, அதனால் திடம். ஆனால் அது எதிர்பார்த்ததைவிட மென்மை. உள்கருவத்தில் எஸ் அலையின் வேகம் நொடிக்கு 3.5 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. இறுகிய இரும்புக்கு இது ரொம்பக் குறைவு.

2022இல் சீன ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இரும்பு அணுக்கள் படிகமாக நிலையாக நிற்க, ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் போன்ற சிறு அணுக்கள் அவற்றின் இடுக்குகளில் திரவம் போல ஓடிக்கொண்டிருக்கலாம். ‘திடமும் இல்லை திரவமும் இல்லை’ என்று செய்திகளில் வந்தது இதுதான். மென்மைக்கு வேறு விளக்கங்களும் உண்டு: உருகுநிலைக்கு மிக அருகே இருப்பதால் இரும்பே தளர்ந்திருக்கலாம், படிகங்களுக்கு இடையே கொஞ்சம் திரவம் சிக்கியிருக்கலாம், இரும்பும் கார்பனும் சேர்ந்த இரும்பு கார்பைடு கலந்திருக்கலாம்.

16. உள்கருவம் சுற்றுவதை நிறுத்திவிட்டது, எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று வீடியோ வந்ததே. ஆபத்தா?

ஆபத்து எதுவும் இல்லை. உள்கருவம் நம்மோடு சேர்ந்து நாளுக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மேற்பரப்போடு ஒப்பிட்டால் மிக லேசாக முந்துகிறதா, பிந்துகிறதா என்பதே பேச்சு. ஆண்டுக்கு ஒரு டிகிரியில் சிறு பங்கு. முந்துகிறது என்று 1996இல் சியாவ்டோங் சாங்கும் பால் ரிச்சர்ட்ஸும் சொன்னார்கள். 2009ஐ ஒட்டி அந்த முந்தல் நின்றது என்று 2023இல் ஓர் ஆய்வு. தெற்கு சாண்ட்விச் தீவுகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்த 121 நிலநடுக்கங்களை வைத்து, இப்போது மெதுவாகப் பிந்துகிறது என்று 2024இல் இன்னோர் ஆய்வு. ‘எதிர்ப்பக்கம்’ என்று தலைப்பு போட்டவர்கள் சொன்னது இந்தப் பிந்தலைத்தான்.

17. பூமியின் நடுவில் யுரேனியம் எரிந்துகொண்டிருக்கிறதாமே? கனமானது கீழேதானே போகும்?

கனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதோடு சேர விரும்புகிறது என்பதுதான் தீர்மானிக்கும். யுரேனியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பாறையில் தங்கிவிடும் ரகம். அதனால்தான் உலகிலேயே கனமான இயற்கைத் தனிமங்களில் ஒன்றான அது மேலோட்டிலேயே கிடைக்கிறது. தங்கம் நேர்மாறு. இரும்போடு போகும், பூமியின் தங்கத்தில் பெரும்பகுதி கருவத்தில்தான் இருக்கிறது. (உடனே அடுத்த கேள்வி வரும். எடுக்க முடியாது, 2ஆம் பதிலைப் பார்க்கவும்.)

நடுவில் அணு உலை ஓடினால் அதிலிருந்து எதிர்நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் வந்தாக வேண்டும். பாறையோ உலோகமோ அவற்றைத் தடுக்காது. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ கருவி அவற்றை எண்ணிப் பார்த்தது. பூமியிலிருந்து வெளியேறும் மொத்த வெப்பம் 47 டெராவாட் அளவில். மையத்தில் ஓர் உலை இருந்தாலும் அது 2.4 டெராவாட்டுக்கு மேல் இருக்க முடியாது என்று கணக்கு வந்தது. உலை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஏதும் வரவில்லை.

18. லேசான தனிமமே தெரியாது என்றால், இரும்பு என்பதும் நாளைக்கு மாறாது என்று என்ன நிச்சயம்?

நல்ல கேள்வி, வழக்கமாகக் கடைசி வரிசையில் இருந்துதான் வரும். இரும்பு தப்பு என்றால் அடர்த்தி, அலை வேகம், விண்கல், சூரியன், காந்தப்புலம் எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே திசையில் தப்பாக இருக்க வேண்டும். லேசான தனிமத்துக்கு அப்படிப் பல பக்கச் சாட்சி கிடையாது. சிலிக்கான் கொஞ்சம் கூட்டி ஹைட்ரஜனைக் குறைத்தாலும், இரண்டையும் மாற்றிப் போட்டாலும் அடர்த்தியும் பி அலை வேகமும் கிட்டத்தட்ட அதே எண்ணில் வந்து நிற்கின்றன. இரண்டு சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஐந்து விடை கேட்கிறோம்.

அதனால் கூடுதல் சமன்பாடுகளைத் தேடுகிறார்கள். எஸ் அலையின் வேகம் ஒன்று. உள்கருவ விளிம்பில் அடர்த்தி எவ்வளவு தாவுகிறது என்பது இன்னொன்று. இரும்பு உறையும்போது எந்தத் தனிமம் எந்தப் பங்கில் உள்ளே தங்குகிறது, எந்தப் பங்கில் திரவத்துக்குப் போகிறது என்பதை வைர முனைகளுக்கு நடுவே நேரடியாக அளப்பது மூன்றாவது. கடலடியில் நிலநடுக்கக் கருவிகளைப் பரப்புவதும் நடக்கிறது. மறுபக்கம் கடலாக இருக்கும் இடங்களிலிருந்தும் அப்போது மையத்தைத் தொட்டு வரும் அலைகள் கிடைக்கும்.